பத்தொன்பதாவது கடிகாரம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மனைவியின் இருமல் விட்டதா? இங்கே என் இரத்த அழுத்தம் அதன் போக்கில் இருக்கிறது, நான் என் போக்கில் இருக்கிறேன். ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை.

ஒரு செய்தி. நான் கடிகாரம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. ஓய்வு பெற்றவர்களில் சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், பலர் வியாதி சேர்க்கிறார்கள். நான் சேர்ப்பது பார்வையில்லாதவர்களுக்காக அந்தக் காலத்தில் செய்த கைக்கடிகாரங்கள். உன் அத்தான் கையில் பார்த்திருப்பாய். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மூடி திறந்துகொள்ளும். உள்ளே எண்களுக்குப் பதிலாக மேடான புள்ளிகள். பன்னிரண்டு இருக்கும் இடத்தில் மூன்று புள்ளி; மூன்று, ஆறு, ஒன்பது இருக்கும் இடங்களில் பக்கம் பக்கமாக இரண்டிரண்டு; மற்றவற்றில் ஒவ்வொன்று. முள்ளையும் புள்ளியையும் விரலால் தடவி மணி தெரிந்துகொள்வார்கள். இப்போது மணியை வாய்விட்டுச் சொல்லும் கடிகாரம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் யாரோ ஒரு பெண் கூட்டத்தின் நடுவே மணியை அறிவிக்கிறாள். பழையதில் ஒரு மரியாதை இருந்தது. எதிரே இருப்பவர் எவ்வளவு நேரமாகப் பேசுகிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் தெரிந்துகொள்ளலாம்.

இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. கீழ்வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார். "இருக்கு." "அப்புறம் எதுக்கு?" "நீங்க ஏழு குடை வச்சிருக்கீங்களே, தலை ஒண்ணுதானே?" என்றேன். அதிலிருந்து பேச்சு குறைந்திருக்கிறது.

உன் ஊர் பெரியது. பழைய பொருள் கடைகளில் கண்ணில் பட்டால் வாங்கி அனுப்பு. எந்த நிலையில் இருந்தாலும் சரி.

உன் அத்தான் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அன்று அலமாரியை ஒழித்து அவர் சாமான்களை உன்னோடு எடுத்துப் போனாயே, அதை எந்த விடுதியில் கொடுத்தாய்? சும்மாதான் கேட்கிறேன்.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அக்கா

*

பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் மழைக்கு முந்தைய நாள் தகவல் கொடுத்துவிடுகிறது; வானிலை இலாகாவைவிட நம்பகம். இருமல்காரி நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அண்ணிக்குப் பொழுது போகணும்ல, விடுங்க" என்றாள். "எனக்கும்தான் போகணும், நான் என்ன சேர்க்குறேன்?" என்று கேட்டேன். "நீங்க குறை சேர்க்குறீங்க. அதுக்கு அலமாரியே வேணாம்" என்றாள். எடை அளவு இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வாளராக இருந்தவனுக்கு வீட்டில் கிடைக்கும் மதிப்பு இது.

சாமான்களைக் கொடுத்தது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் பார்வையற்றோர் விடுதியில். மூன்று பெட்டி. அன்று நீ கலங்கிப் போயிருந்தாய். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அழவேண்டாம் என்றுதான் மூன்று மணி நேரத்தில் அலமாரியைத் துடைத்து எடுத்தேன். நானே எதையும் பிரித்துப் பார்க்கவில்லை; அப்படியே அள்ளிப் போட்டேன். என் வாழ்க்கையில் முழுத் திருப்தியோடு செய்த சில காரியங்களில் அது ஒன்று. நீகூட நன்றி சொன்னாய்.

கடிகாரம் தேடுகிறேன். விடுதிச் சுவரை ஒட்டி ஞாயிறுதோறும் பழைய பொருள் சந்தை கூடுகிறது. நான் போனால் கடைக்காரர்கள் தராசை ஒளித்துக்கொள்கிறார்கள். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று யாரும் நம்புவதில்லை.

மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டுக்கொள்.
தம்பி

*

மார்ச் 11

கடிகாரம் பழுது பார்க்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் காரணமாக நேரில் வர முடியவில்லை. என் மனைவியிடம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். விடுதிச் சுவரோரச் சந்தையில் வாங்கியது. பார்வையில்லாதவர்களுக்கானது. என் தமக்கைக்குப் பரிசாக அனுப்பப் போகிறேன். அதன் குறைகள் வருமாறு:

புள்ளிகள் ஒரு பக்கத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்டன. அளவுகோலில் இரண்டு கோடு அழிந்திருந்தால் நான் அதைப் பறிமுதல் செய்திருப்பேன். எனவே புள்ளிகள் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கவும். பெரிய முள்ளின் நுனி வளைந்திருக்கிறது. முள் இரண்டையும் மாற்றவும். பின்மூடியின் விளிம்பில் எவனோ ஒரு போக்கிரி அரத்தால் மூன்று வெட்டு வெட்டியிருக்கிறான். அதை ராவிச் சமப்படுத்தி மெருகு போடவும். ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. அதை நான் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

கடையிலிருந்து இப்போதுதான் வாங்கியது போல இருக்கவேண்டும். யாரும் தொட்டதாகத் தெரியக்கூடாது.

தங்கள் நலமும் தொழிலும் சிறக்க வேண்டும்.
ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளர்

*

மார்ச் 29

அன்பு அக்காவுக்கு,

உடம்பு எப்படி? இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய பெட்டி வரும். கத்தரிக்கோலால் குத்தித் திறக்காதே, பொறுமையாகப் பிரி.

சந்தையில் கிடைத்தது. விற்றவன் பேச்சைக் கேட்டிருக்கவேண்டும். "சார், இது கண்ணு தெரியாதவங்க வாட்ச். ராஜா மாதிரி ஓடும்." "ராஜா எப்பய்யா ஓடினான்? பல்லக்குலதானே போனான்?" என்றேன். "அப்ப பல்லக்கு தூக்குறவன் மாதிரி ஓடும் சார், எடுத்துக்குங்க" என்றான்.

அத்தான் வைத்திருந்த அதே தயாரிப்பு. கண்டெடுத்தபோதே இப்படித்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லை. உன் தம்பிக்குப் பொருளை எடைபோடத் தெரியும் என்பதை இனியாவது ஒப்புக்கொள்.

கிடைத்ததும் எழுது.
தம்பி

*

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேரும் சுகம்தானே? பெட்டி பத்திரமாக வந்தது. அழகான கடிகாரம். ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி மழுங்கவில்லை. பத்தொன்பது என்று எண் போட்டு வைத்துவிட்டேன். உன் அன்புக்கு நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கடிகாரத்துக்கு ஒரே ஒரு குறை உண்டு: அதை யாரும் உபயோகிக்கவே இல்லை.

உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை கடிகாரங்களைக் கையில் வைத்துப் பார்த்ததில் ஒன்று கற்றுக்கொண்டேன். புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒருவர் எந்த நேரத்துக்காகக் காத்திருந்தாரோ, சின்ன முள் அங்கே வந்துவிட்டதா என்று அந்த இடத்தைத்தான் அடிக்கடி தடவிப் பார்க்கிறார். அங்கேதான் தேய்கிறது. என்னிடம் இருக்கும் மூன்றாவது கடிகாரம் ஒரு நெசவாலைத் தொழிலாளியுடையது. பன்னிரண்டின் மூன்று புள்ளியும் மொட்டை. சாப்பாட்டு நேரம். ஏழாவது ஒரு பாட்டு வாத்தியாரம்மாவுடையது, நான்கில் தேய்வு. பிள்ளைகள் வரும் நேரம். பன்னிரண்டாவதில் ஒன்பதுதான் மழுங்கியிருக்கிறது. அதைக் கட்டியிருந்தவர் என்னவாக இருந்தார் என்று விற்றவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் இருப்பதே அவருக்கு நல்லது.

உன் அத்தானின் கடிகாரம் எங்கே தேய்ந்திருந்தது? எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் அது என் கண்முன்னே மேசைமேல் கிடந்தது. ஒரு நாளும் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. மணி பார்க்க எனக்குச் சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் அதிகம் பேசாதவர் என்று உனக்குத் தெரியும். நாள் முழுக்கத் தொலைபேசி இணைப்பகத்தில் ஊரார் பேச்சை எல்லாம் இணைத்துவிட்டு வந்தவருக்கு வீட்டில் பேச என்ன மிச்சம் இருக்கும்? அவர் எதை எதிர்பார்த்தார், எதற்குக் காத்திருந்தார் என்று எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கடிகாரத்துக்குச் சொல்லியிருப்பார்.

அதைத்தான் தேடுகிறேன். மற்ற பதினெட்டும் அதைத் தேடும்போது வந்து சேர்ந்தவை. அடையாளம் உண்டு. படித்த காலத்தில் அவர் விடுதியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கடிகாரம் கொடுத்தார்களாம். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருவரும் பின்மூடி விளிம்பில் ஒரு அடையாளம் வெட்டிக்கொள்வார்கள். அவருடையது அரத்தால் வெட்டிய மூன்று வெட்டு.

நீ அலமாரியை ஒழித்த அன்று அது மேல்தட்டில் கைக்குட்டைகளுக்கு அடியில் இருந்தது. நான் வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவந்து எடுத்திருக்கலாம். நீ அவ்வளவு மும்முரமாக உதவி செய்துகொண்டிருந்தாய், குறுக்கே வரத் தோன்றவில்லை.

விடுதியில் விசாரி. கிடைத்தால் துடைக்கக்கூட வேண்டாம். அழுக்கோடு அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 24

கடிகாரம் பழுது பார்க்கும் ஐயா அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மார்ச் மாதம் தாங்கள் செம்மைப்படுத்திக் கொடுத்த கைக்கடிகாரம் பற்றி அவசரமாக ஒரு விஷயம்.

தாங்கள் அதிலிருந்து எடுத்தவை எல்லாம், அதாவது பழைய முள், சுரண்டிய புள்ளி, எதுவாக இருந்தாலும், தங்களிடம் இருக்கிறதா? இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பின்மூடியின் மூன்று வெட்டையும் மறுபடி வெட்ட முடியுமா? வெட்டினால் பழையது போலத் தெரியுமா? புள்ளிகளில் எவை எவை தேய்ந்திருந்தன என்று நினைவிருக்கிறதா? நான் பார்த்தேன்; ஆனால் ஒரு குறையாகத்தான் பார்த்தேன், எந்தப் புள்ளி என்று மனதில் வாங்கவில்லை.

தேய்ந்திருந்த நிலைக்கே அதைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? இந்தக் கேள்வி தங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நேரில் வந்திருக்கவேண்டும். வராததற்கு முழங்கால் ஒரு காரணம். தங்கள் முகத்தைப் பார்க்கத் தயக்கம் இன்னொரு காரணம்.

ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளர்

*

மே 2

ஆய்வாளர் ஐயாவுக்கு,

வணக்கம். நானும் கடையும் நலம். தங்கள் முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் நல்லது.

பழைய முள் இரண்டும் பழைய தகர டப்பாவில் போய், டப்பா உருக்குகிறவரிடம் போய்விட்டது. புள்ளிகளைச் சுரண்டியது தூளாகக் குப்பையில் போனது. வெட்டுகளை ராவியாகிவிட்டது. மறுபடி வெட்டலாம். என் கை வெட்டும். பழைய கை வெட்டாது.

எந்த வேலை வந்தாலும் தொடும் முன் நிலையைக் குறித்துவைப்பது என் வழக்கம். பிறகு யாரும் வந்து, "நான் கொடுத்தப்ப இப்படி இல்லையே" என்று சண்டை பிடிக்கக்கூடாது பாருங்கள். என் குறிப்பேட்டில் உள்ளபடி: ஐந்தில் இருந்த புள்ளி அடியோடு இல்லை. ஆறில் உள்ள இரட்டைப் புள்ளியில் ஒன்று இல்லை, மற்றது மழுங்கல். மற்றவை அனைத்தும் நல்ல நிலை. ஏழு முதல் நான்கு வரை புதிது போலவே இருந்தன. நாற்பது வருடத்தில் இப்படி ஒரே பக்கம் தேய்ந்ததை நான் பார்த்ததில்லை என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

தங்கள் வீட்டம்மாவிடம் அன்றே சொன்னேன், "பழைய பொருள்மா, தேய்வு இருந்தாத்தான் அழகு, விட்டுடலாமே" என்று. "எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா அவரு எழுதினதச் செஞ்சுடுங்க. இல்லேன்னா என்னைத் திருப்பி அனுப்பி விளக்கம் கேப்பாரு" என்றார்கள்.

தேய்வைத் திரும்ப வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. இன்னொரு மனிதர் அதே இடத்தை அத்தனை வருடம் தடவவேண்டும். கடையில் செய்யும் வேலை அல்ல.

கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? அதில் குறை இருந்தால் கொண்டுவாருங்கள்.

கடிகாரக்காரர்

*

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு சரியில்லையா? இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. நீ கடிதத்துக்குப் பதில் போடாத ஆள் இல்லை. திருமண அழைப்பிதழுக்கே பிழை திருத்தித் திருப்பி அனுப்புகிறவன்.

விடுதியில் விசாரித்தாயா? இல்லை என்றாலும் இல்லை என்று எழுது. இங்கே தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே, "இன்னிக்கும் இல்லம்மா" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நான் எதற்கோ காத்திருக்கிறேன் என்று.

முழங்காலோ இருமலோ எதுவாக இருந்தாலும் ஒரு வரி போடு.
அக்கா

*

ஜூலை 6

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முழங்கால்தான் காரணம்.

விடுதிக்குப் போனேன். பழைய காப்பாளர் மாறிவிட்டார். புதியவர் பதிவேட்டைப் புரட்டினார். அத்தானின் கடிகாரம் வந்த ஆறு மாதத்தில் கீழே விழுந்து உடைந்ததாம். பழுது பார்க்க முடியாமல் எறிந்துவிட்டார்களாம். பதிவேட்டில் அப்படி எழுதியிருப்பதை நானே பார்த்தேன்.

அதனால் இனி தேடவேண்டாம். அது எங்கே தேய்ந்திருந்தால் என்ன? அத்தான் நல்ல மனிதர், உன்னை நன்றாக வைத்திருந்தார். புள்ளிகளை எண்ணியா அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? மனதைத் தேற்றிக்கொள். பத்தொன்பதாவது கடிகாரத்தை அவர் நினைவாக வைத்துக்கொள். அதே தயாரிப்புத்தானே.

உடம்பு முக்கியம்.
தம்பி

*

ஆகஸ்ட் 1

அன்புள்ள தம்பிக்கு,

உன் முழங்காலை மருத்துவரிடம் காட்டினாயா? உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், பல தடவை.

உடைந்தது என்றால் உடைந்தது. பதிவேட்டில் இருந்தால் நாம் என்ன செய்ய முடியும்? இலாகாவில் நீயும் நீதிமன்றத்தில் நானும் பதிவேட்டை நம்பியே பிழைத்தவர்கள்.

தேடுவதை நிறுத்திவிட்டேன். மற்றவர்களுடைய காத்திருப்பை எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் போட்டு வைத்து எனக்கு என்ன? இந்த ஊர்ப் பார்வையற்றோர் பள்ளியின் தலைமையாசிரியையைப் பார்த்தேன். "இப்பல்லாம் பசங்க பேசுற கடிகாரம்தான்மா வச்சிருக்காங்க. ஆனா பரீட்சை ஹால்ல அது பேசிச்சுன்னா கண்காணிப்பாளர் சண்டைக்கு வர்றாரு. பேசாத கடிகாரம் இருந்தா குடுங்க" என்றார். உலகத்தில் பேசாததற்கும் ஒரு தேவை இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது.

பத்தொன்பதையும் இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி கொடுக்கப்போகிறேன். முக்கியமாக நீ அனுப்பியதை. அதை இதுவரை ஒருவர் விரலும் தொடவில்லை. அந்தப் பள்ளியில் ஏதோ ஒரு பிள்ளை அதைத் தேய்க்கட்டும்.

உனக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.
அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்பு அக்கா,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பத்தொன்பதாவதைக் கொடுத்துவிடாதே.

அதுதான் அத்தானுடையது. சந்தையில் வாங்கியபோது அதில் மூன்று வெட்டு இருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியாது. நான்தான் அதைக் கடிகாரக்காரரிடம் கொடுத்து ராவச் சொன்னேன், புள்ளிகளைச் சுரண்டச் சொன்னேன், யாரும் தொட்டதாகத் தெரியக்கூடாது என்று எழுதியே கொடுத்தேன். பிறகு, கண்டெடுத்தபோதே அப்படி இருந்தது என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். விடுதிக்கு நான் போகவே இல்லை. பதிவேடு என்று ஒன்று அங்கே இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

இவள் மூன்று மாதமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. "ஊரெல்லாம் எடைக்கல்ல தட்டித் தட்டிப் பாத்தீங்களே, வீட்டுக்குள்ள இப்படி ஒரு கள்ள எடை போட்டீங்களே" என்கிறாள். நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கடிகாரக்காரர் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவர் தொடும் முன் குறித்து வைத்திருக்கிறார். அதில் நான் உன்னை ஏமாற்ற முடியாது, அவர் கையெழுத்து. படித்துப் பார். ஐந்தும் ஆறும்தான் அக்கா. வேறு எங்குமே தேய்வில்லை. நீ தினமும் சாயங்காலம் போய் அவரை அழைத்து வருவாயே, அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். அலுவலகத்தை நினைத்தோ சாப்பாட்டை நினைத்தோ ஒரு தடவைகூட அந்த மூடி திறக்கவில்லை. உன்னை நினைத்துத்தான் திறந்திருக்கிறது. நீ தேடியது இதுதானே? நான் அழித்ததற்கு மன்னிப்பு கேட்கிறேன். ஆனால் தேடியது கிடைத்துவிட்டது என்று நினைத்தாவது கொஞ்சம் ஆறுதல் அடைய வேண்டும்.

திட்டியாவது எழுது.
தம்பி

*

நவம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேரும் நலமாக இருக்கவேண்டும். நீ அனுப்பிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் என்று எழுதியிருந்தாய். இல்லை.

பதினெட்டைக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பதாவது என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. சரியான நேரம் காட்டுகிறது என்று கடிகாரக்காரரிடம் சொல்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லவேண்டியிருக்கிறது. இணைப்பகத்தில் அவர் வேலை ஐந்து மணிக்கு முடியும். எனக்கு நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை நாலரைக்கு முடிந்துவிடும். நடந்தால் கால் மணி நேரம். நடுவில், மருந்துக்கடையைத் தாண்டி, மாடியில் ஒரு வாசகசாலை. புதிய பத்திரிகைகள், கதைப் புத்தகங்கள், ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மேலே மெதுவாகச் சுற்றும் ஒரு விசிறி. முதலில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். அப்புறம் அரைமணி, அதற்கப்புறம் ஒரு மணிக்கு மேல். கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து, அவர் ஓய்வு பெறும் வரை, நான் அங்கிருந்து எழுந்து இணைப்பகத்துக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய ஆறு மணி இருக்கும். சில நாள் ஆறு தாண்டியிருக்கும். கதை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அவர் வாசலில் காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கு ஒரே தட்டச்சு வேலை, விடவே இல்ல" என்பேன். "எனக்கும் இப்பதான் முடிஞ்சுது. வா" என்பார். ஒரே பதில். ஒரு நாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உன்னிடமே எத்தனை தடவை அந்த அலுவலகத்தைத் திட்டியிருப்பேன், பார்வையில்லாத மனிதரை ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்குகிறார்கள் என்று? நீ புகார் மனு எழுதித் தருவதாகக்கூடச் சொன்னாய். நல்லவேளை, எழுதவில்லை.

இணைப்புப் பலகையில் வேலை செய்கிறவருக்கு இரண்டு கையும் கம்பிகளில் இருக்கும். மூடியைத் திறந்து தடவ நேரம் இருக்காது. சும்மா இருக்கும் கைதான் கடிகாரத்தைத் தேய்க்கும். அதனால்தான் மற்ற புள்ளிகள் எல்லாம் புதிது போல இருந்திருக்கின்றன.

உண்மையைச் சொன்னால், ஐந்து தேய்ந்திருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் நான் தேட ஆரம்பித்தேன். தனக்காக ஒருவர் காத்திருந்தார் என்று கண்ணால் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஐந்து வந்தது. ஆறும் சேர்ந்து வந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் படித்ததில் ஒரு கதையையாவது வீட்டுக்கு வந்து அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்கே படித்தேன் என்று கேட்பாரோ என்று சொல்லவில்லை. கேட்டிருக்கமாட்டார்.

நீ ராவி எடுத்துவிட்டதற்கு எனக்குக் கோபம் வரவேண்டும். மூன்று மாதமாக வரும் வரும் என்று பார்த்தேன். அதைக் கண்ணால் பார்க்கவேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதற்காக வெட்கம் அப்புறம் வந்தது. கோபத்துக்கு இடம் இல்லை.

ஒரே ஒரு உதவி செய். கடிகாரக்காரர், ஆறின் இரட்டைப் புள்ளியில் ஒன்று இல்லை, மற்றது மழுங்கல் என்று எழுதியிருக்கிறார். இல்லாமல் போனது எந்தப் புள்ளி? ஐந்தின் பக்கம் இருந்ததா, ஏழின் பக்கம் இருந்ததா? ஐந்தின் பக்கம் என்றால் பெரும்பாலும் ஆறுக்கு முன்னால் வந்திருக்கிறேன். குறிப்பேட்டைப் பார்க்கச் சொல். அவர் நிதானமான ஆள், குறித்திருந்தாலும் குறித்திருப்பார்.

அவருக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுது. நீயாக ஒன்றைச் சொல்லிவிடாதே.

குளிர் ஆரம்பித்துவிட்டது. முழங்காலுக்குக் கம்பளியைச் சுற்றிக்கொள். உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா